மெல்லிய பூச்சு

சொரோட்டியில் கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
நுண்ணோக்கியின் விளக்கைக் கழற்றிவிட்டு
பழைய கண்ணாடியை மாட்டி
ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
மாமரம் வடிகட்டிய வெயில், லேசாகப் பச்சை,
குழாயில் ஏறி வந்தது.

ஒரு ஸ்லைடில் இரண்டு பூச்சு வைப்பது வழக்கம்.
தடித்தது ஒரு காசளவு வட்டம்:
சாயத்தில் இறங்கியதும் செவ்வணுக்கள் வெடித்துக் கரைந்துவிடும்,
வெள்ளணுவும் கிருமியும் மட்டும் மிஞ்சும்,
எண்ணத் தோதாக.
பக்கத்தில் நாக்குப்போல் இழுத்துவிட்ட மெல்லியது.
அதில் செவ்வணுக்கள் உருக்குலையாமல் கிடக்கும்.
எங்கள் ஆய்வு கேட்டது எண்ணிக்கையை.
இருநூறு வெள்ளணுவுக்கு எத்தனை கிருமி?
இடது கட்டைவிரல் டிக், டிக் என்று அழுத்திக்கொண்டே போகும்.
பதினான்கு வருஷம்.
சந்தையில் யாராவது தக்காளி எண்ணினால்
இப்போதும் அந்த விரல் துடிக்கிறது.

காலையில் அமோடிங் வந்திருந்தாள்.
கப்பெலேபியோங்கிலிருந்து போடா-போடாவில்,
முதுகில் துணியால் கட்டிய எமாரு.
நான்கு வயது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.
ஒப்புதல் தாளில் கட்டைவிரலை ஊன்றிவிட்டுக் கேட்டாள்:
எடுக்கிற ரத்தத்தைத் திருப்பித் தருவீர்களா?

ஒரே ஒரு துளிதான், அம்மா.

போன தடவையும் துளி என்றுதான் சொன்னாய்.
மூத்தவளுக்கு. அகிரோருக்கு.
நீதான் குத்தினாய். அவள் அழவேயில்லை.

எனக்கு முகம் நினைவில்லை.
விரல்களைத்தான் நான் பார்ப்பேன்.

எமாருவின் வட்டத்தில் பதினொரு கிருமி.
கணக்கில் நானூற்று நாற்பது. ஒன்றுமே இல்லை.
ஹீமோகுளோபின் நான்கு.
பதினொரு கிருமி இவ்வளவு ரத்தத்தைத் தின்னாது.
படிவம் முடிந்துவிட்டது, கையெழுத்துப் போடலாம்.
ஸ்லைடை அரை அங்குலம் தள்ளினேன்.

அரிவாள் அணு என்று புத்தகம் பெயர் வைத்திருக்கிறது.
கேழ்வரகுக் கதிரை நாங்கள் சின்னக் கத்தியால்தான் கொய்வோம்,
அரிவாள் எனக்குக் கைவராத உருவம்.
நான் கண்டது முற்றத்தில் கூட்டாமல் விட்ட,
காய்ந்து முறுக்கிக்கொண்ட மாவிலைகள்.
வட்டமான அணுக்களுக்கு நடுவே
எங்கு பார்த்தாலும்.

அறைப் பூட்டைத் திறந்து பழைய பெட்டிகளை இறக்கினேன்.
ஆறு வருஷத் தூசி. பெயர் கிடையாது, எண்தான்.
பதிவேட்டில் தேடியதில் 0317.
அறுபத்தோராயிரத்து நாற்பது. ஜே.ஏ.
என் சுருக்கெழுத்து, என் சாய்ந்த ஏ.
அடுத்த பத்தியில் வேறொருவர் கையெழுத்து:
விலகல். மரணம். மலேரியா.

திரும்ப எண்ணினேன்.
எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

வட்டத்தின் மேல் எண்ணெய் காய்ந்து பழுப்பேறியிருந்தது,
என் லென்ஸ் நடந்த தடம்.
மெல்லிய பூச்சு துடைத்துவைத்ததுபோல் கிடந்தது.
அங்கே யாரும் போகவில்லை.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.
இலைகள்.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
எமாருவுடையதில் ஓரத்தில் எழுதினேன்,
தாளைத் திருப்பி மறுபடி பெரிதாக எழுதினேன்.
வியாழக்கிழமை கிளினிக், பெனிசிலின், ஃபோலிக் மாத்திரை:
இவையெல்லாம் சொல்ல எளியவை.
அப்பனிடமிருந்து பாதி, உன்னிடமிருந்து பாதி,
ஒரு பாதி மட்டும் என்றால் அதுவே மலேரியாவுக்குக் காவல்
என்பதையும் ஒருவழியாகச் சொல்லிவிடலாம்.

வார்டுக்குப் பின்னால் குழாயடியில்
துணி அலசிக்கொண்டிருந்தாள் அமோடிங்.
ம்பாலேயிலிருந்து ரத்தம் இன்னும் வரவில்லை என்றாள்.
வண்டி கிளம்பிவிட்டதாம் என்றேன்.
கிளம்பியதா என்று எனக்குத் தெரியாது.
துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு
என்னையே பார்த்தாள்.

என்ன, துளியைக் கொண்டுவந்தாயா?

சிரிக்கத்தான் கேட்டாள்.
என் கோட்டுப் பையில், பஞ்சில் சுற்றி,
0317 இருந்தது.