ஏழாவது கட்டம்

மதிப்பீட்டுக் குழு வியாழக்கிழமை வருகிறது.
எழுபத்தோரு பேரின் பணிப் பின்னணிப் படிவங்கள்
திங்கள் மாலைக்குள் என் மேசைக்கு வந்தாக வேண்டும்.
நூலகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.
"எதையும் ஒழுங்கா அடுக்குறது நீங்கதானே மேடம்"
என்றார் பதிவாளர்.
பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது கட்டம், முன் அனுபவம்.
இரண்டு வரிதான் இடம்.
ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாது அதில்.

விலங்கியல் சையதலி பாத்திமா
'தனியார் நிறுவனம், மூன்றாண்டு' என்று முடித்துக்கொண்டார்.
நெல்பேட்டையில் மாமாவின் கறிக்கடைக் கல்லாவில் இருந்தவர்.
ஈரலின் நிறம் பார்த்தே
ஆட்டின் நோயைச் சொல்லிவிடுவார்.
அதற்குச் சான்றொப்பம் இட ஆளில்லை.

பொருளியல் சாந்தாராம் எதையும் மறைக்கவில்லை.
'மாட்டுத்தாவணிப் பூச்சந்தை, கமிஷன் கடைக் கணக்கு'
கொட்டை எழுத்தில்.
விடிகாலை நான்குக்கும் ஏழுக்கும் நடுவே
ஒரு கிலோ மல்லிகை என்ன பாடு படும் என்பதை
ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துவார்.
முகூர்த்த நாளில் மட்டும்
முதல் வகுப்புக்குத் தாமதம்.

கௌரவ விரிவுரையாளர்கள் இருபத்திரண்டு பேர்.
அவர்களுக்கு ஏழாவது கட்டம் முன் அல்ல, நடப்பு.
போன மாதம் ஓர் இரவு
கறிதோசைப் பொட்டலத்தோடு என் கதவைத் தட்டியது
தமிழ்த்துறையில் இலக்கணம் எடுக்கும் பையன்.
அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
நானும் "வாங்க சார்" என்று சொல்லவில்லை.
கதவை மூடிய பிறகு
ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

அப்புறம் என் படிவம்.
டவுன்ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜ், வரவேற்பு மேசை, நான்காண்டு.
நாற்பத்தெட்டு அறை, நாற்பத்தெட்டு ஆணி.
எந்தச் சாவி எந்த ஆணியில்,
எந்த ஆள் எந்தப் பொய்ப் பெயரில்,
இரவு இரண்டு மணிக்கும் தப்பாது எனக்கு.
நூலகவியல் வகுப்பில் பகுப்பெண்ணுக்கு
மற்றவர்கள் திணறியபோது
நான் பித்தளைத் தகட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
'விருந்தோம்பல் துறை' என்று எழுதி
மூடி வைத்தேன்.

சோணைமுத்துவின் படிவம்தான் வரவில்லை.
புள்ளியியல். அதிகம் பேசாதவர்.
செவ்வாய் மதியம் கொண்டுவந்தார்.
எல்லாம் நிரம்பியிருக்க
நடுவில் மூன்று வருடம் வெறுமை.
"குழு கேட்குமே சார்."
பதிலுக்குப் பையிலிருந்து
ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்தார்.

மேலூர்ப் பக்கம் கல்குவாரி வாசலில் இராக்காவல்.
முதலாளி நோட்டில் பதினொரு லாரி என்றால்
இவர் நோட்டில் முப்பத்தாறு.
வண்டி எண், நேரம்,
அன்று மழை பெய்ததா என்பதும்.
யாரும் எழுதச் சொல்லவில்லை.
எண்ண ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்றார்.
"வீட்ல வைக்கப் பயமா இருக்கு.
எரிக்கவும் மனசு வரல."

தப்பான அடுக்கில் வைத்த புத்தகம்
தொலைந்த புத்தகம்.
அப்படி ஒன்றும் நடக்காமல் பார்க்கத்தான்
இருபது வருடமாக எனக்குச் சம்பளம்.

வரவுப் பதிவேட்டில் எண் போட்டேன்.
தலைப்பு: கையெழுத்துப் படி.
ஆசிரியர்: ஒரு கோடு.
முதல் பக்கத்தில் முத்திரை,
எங்களுக்கு மட்டும் தெரிந்த உள்பக்கத்தில் இன்னொன்று.
மூன்றாம் மாடியில்
எட்டு வருடமாக யாரும் இரவல் கேட்காத
பட்டுப்புழு வளர்ப்பு அறிக்கைகள்
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.

வியாழக்கிழமை குழு வந்தது, இளநீர் குடித்தது,
கழிப்பறைகளைப் பார்த்தது.
ஒருவர் மட்டும் மூன்றாம் மாடிவரை ஏறினார்.
சன்னலில் நாகமலை நீளமாகப் படுத்திருந்தது.
விரலால் தூசி பார்த்தபடியே அடுக்கோரம் வந்து
நோட்டுக்கு இரண்டு புத்தகம் முன்னால் நின்றார்.

"இந்தச் சோணைமுத்து, மூன்று வருடம் என்ன செய்தார்?"
"கள ஆய்வு."
"எங்கே வெளியாச்சு?"

"இன்னும் இல்லை, சார்."