மூடிக்குக் கீழே

சென்காலனில் பனி கொட்டிய மாசி.
இருபத்தேழாம் கிழமையில் வந்துவிட்டாள்,
தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.
அவள் அழுததாய் ஞாபகமில்லை.
குழாய் தொண்டையை அடைத்திருந்தது;
அழுகையெல்லாம் திரையில்தான்.

குதிக்காலில் ஊசி என்றால் நூற்றெண்பது.
குப்பைத்தொட்டி மூடி
படாரென்று விழுந்தால் எழுபது,
பிறகு
மூச்சுவிட மறந்துபோவாள்.
உள்ளங்காலை ஒற்றை விரலால் வருடுவேன்:
இங்கே வா, இங்கே வா.

தாதி உர்சினா ஒரு பம்பர்ஸை மடித்து
மூடிக்குக் கீழே வைத்தாள்.
"இதயம் இப்பதான் தாளம் பழகுது.
பக்கத்தில நின்று கத்தக்கூடாது."

அன்றிலிருந்து
கதவுகளை இரண்டு கையாலும் சாத்துகிறோம்.
குக்கர் கூவினால்
சர்வேந்திரன் தொட்டிலிடம் மன்னிப்புக் கேட்பான்.

இப்போது ஏழு வயது.
மூன்றாம் மாடி ஏறினால் இரைக்கும்.
வருடத்துக்கொருமுறை
நெஞ்சில் குளிர்ந்த பசை தடவிப் பார்க்கிறார்கள்;
"பார்ப்போம்" என்கிறார்கள்.

நேற்று, சப்பாத்து வாங்கித் தரவில்லை என்று
மிதுலா தன் அறைக்கதவை
வீடதிர அடித்துச் சாத்தினாள்.

நாங்கள் இருவரும்
சட்டென்று சுவரைப் பார்த்தோம்,
எண் விழுகிறதா என்று.
மணிக்கூடு இருந்தது.

உள்ளே
மூச்சு வாங்க வாங்க
சுவிஸ் ஜெர்மனில்
எங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.