எட்டு மில்லிமீட்டர்

மிதக்கிற ஒரு பொருளில்
நானாக ஓட்டை போடப் போகிறேன்.
கராஜில் கார் வெளியேற்றப்பட்டு
இரண்டு நாற்காலிகள்மேல் கயாக் கிடக்கிறது,
ஆபரேஷனுக்குப் படுத்தவர்போல, ஒன்றும் தெரியாமல்.
"நல்ல படகைத் துளைக்கிறவளுக்கு
என்ன பெயர் வைப்பது" என்கிறான் தயாபரன்.
சொல்லிக்கொண்டே
எட்டு மில்லிமீட்டர் பிட்டைத் தேடித் தருகிறான்.

மூன்று முறை அளந்தேன்.
நான்காம் முறை புரிந்தது
அளக்கவில்லை, தள்ளிப்போடுகிறேன் என்று.

பச்சைப் பிளாஸ்டிக் சுருள்சுருளாய் வந்து
செருப்பில் விழுந்தது,
வெள்ளரித்தோல் சீவினாற்போல.
துளையில் கண்ணை வைத்தேன்.
இருட்டு.
அசைத்தால், பழைய சொந்தக்காரர் டூகல் குடித்துப்போட்ட
ஏதோ ஒரு பியர் மூடி உருளும் சத்தம்.

ஒன்று போட்டபின் இரண்டாவது எளிது.
பதினொன்றில் நிறுத்தினான் தயாபரன்,
பேட்டரி தீர்ந்துவிட்டதென்று பொய் சொல்லி.

பால் கூடை, கடையின் பின்வாசலில் கேட்டு வாங்கியது.
"திருடவில்லை" என்று நானே முந்திக்கொண்டு சொல்வதால்
யாரும் நம்புவதில்லை.
அதன் முதுகில் மூன்று பிவிசி குழாய்கள்,
யாரோ வீட்டுக் குளியலறை வேலையில்
பிளம்பர் தயாபரனுக்கு மிஞ்சியவை.
வாயோரம் ஒரு வெட்டு, கொஞ்சம் சூடு:
ரீலின் காம்பு உள்ளே இறங்கி உட்கார்ந்தது
பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவனைப்போல்.

பிள்ளைகள் நீந்தப் பிடித்துக்கொள்ளும் நுரைக்குழாயை
வாழைத்தண்டாய் நறுக்கித்
தூண்டில் முட்களை அதில் குத்திவைத்தேன்.
அதுவரை அவை குடியிருந்த இடம்
என் தொடை.

இருக்கையோரம் அழியா மையில் ஒரு கோடு,
இருபத்தேழு செண்டிமீட்டர்.
இந்த ஊர் ஒயிட்டிங் என்று அழைக்கும் கிழங்கான்
அதைத் தொடாவிட்டால்
தண்ணீருக்கே திரும்பும்.
இதுவரை எதுவும் தொடவில்லை.
கோட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம்
வரைந்திருக்கலாம்.

போன மாதம் இடுக்கி போனது.
கையிலிருந்து நழுவி 'ப்ளக்',
முப்பத்தெட்டு டாலர்
கொரயோ குடாவின் சேற்றில்.
ஆகவே கயிறு:
கத்திக்கு, புது இடுக்கிக்கு, வலைக்கரண்டிக்கு,
துடுப்புக்கு, தண்ணீர்ப் போத்தலுக்கு,
மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கும் கூட.
தொட்டில் கட்டுகிறாயா கப்பல் கட்டுகிறாயா
என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ரிப்பிள்சைட்டில்
இடுப்பளவு தண்ணீரில்
வேண்டுமென்றே கவிழ்ந்தேன்.
எதுவும் போகவில்லை!
கத்தி, கரண்டி, போத்தல், டப்பா
எல்லாம் தலைகீழாய்த் தொங்கின
மரத்தடி வௌவால்கள்போல்.
கட்டாமல் விட்டது ஒன்றுதான்.
நான்.

மேற்குக் காற்று அதைப் பார்த்துவிட்டது.
பச்சை அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு
கயாக் கிளம்பியது, என் அத்தனை சாமான்களோடும்,
குடித்தனத்தைக் கட்டிக்கொண்டு
கோபித்துப் போகிறவள்போல.
இடுப்பு, நெஞ்சு, பிறகு தரை இல்லை.
லைஃப் ஜாக்கெட் என் காதுவரை ஏறியது.
கரையில் நாயோடு நின்ற ஒருவர்
"ஆல் ரைட், மேட்?" என்றார்.
கட்டைவிரலைக் காட்டினேன்,
விரல் மட்டும்தான் வெளியே இருந்தது.
கைக்குக் கடைசியில் அகப்பட்டது
இடுக்கியின் கயிறு.

வீட்டில் புரட்டியபோது
உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் கடல்.
தயாபரன் என் துளைகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தான்,
குற்றவாளிகளை வரிசையில் நிறுத்தியவன்போல.
குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டு,
கவிழ்த்து, சாய்த்து, காத்திருந்தோம்.
சிலிக்கான் பூசிய பதினொன்றும்
வாய் திறக்கவில்லை.
சொட்டியது வாலில், தொழிற்சாலை போட்ட
பன்னிரண்டாவது, அதன் அடைப்பான்.

மூடி இன்னும் உள்ளே உருள்கிறது.
அதை எடுக்க இன்னொரு துளை வேண்டும்,
கை நுழைகிற அளவு.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.