தையல் மாஸ்டர்

எங்கள் மாஸ்டர் பெயர் தையல்நாயகி.
களத்தில் முழுசாகக் கூப்பிட நேரமில்லாமல்
தையல் மாஸ்டர் ஆக்கிவிட்டோம்.
ரவிக்கைத் துணியோடு வந்து
அளவு எடுங்க என்று கை விரித்து நின்றவர்கள் உண்டு.
அப்படி வந்தவள்தான் மெகருன்னிசா.
துணியை நெல் மூட்டைமேல் வைத்துவிட்டுக்
கம்பை வாங்கினாள்.
அந்த ரவிக்கை இன்னும் தைக்கப்படவில்லை.

நான் சேர்ந்தது சர்க்கரைக்காக.
எனக்கு நாற்பத்தாறு, மாஸ்டருக்கு முப்பத்தெட்டு.
கோட்டூர் கொள்முதல் நிலையத்தில்
நெல்லுக்கு ஈரம் பார்ப்பது என் வேலை.
பதினேழு தாண்டினால் மூட்டை திரும்பிப் போகும்,
யார் கெஞ்சினாலும்.

ஆவணியில் ஒரு விடியற்காலை
ஆறாம் சுவட்டில் மாஸ்டர் நின்றுவிட்டார்.
கம்பு சுற்றிக்கொண்டே இருந்தது,
மூச்சு மட்டும் எங்கோ விழுந்துவிட்டது.
இதயத்தில் ஒரு வால்வு.
சின்ன வயசில் வந்த காய்ச்சல்
கடித்துவிட்டுப் போனதாம்.
"வாய்க்கால் மதகு மாதிரிதான்" என்றார் தஞ்சாவூர் டாக்டர்,
"சரியா மூடல. தண்ணி பின்னாடியே வருது."
மதகு என்றதும் எங்களுக்குப் புரிந்துவிட்டது.
புரியாமலே இருந்திருக்கலாம்.

அன்றிரவே வேண்டுதல்கள் கிளம்பின.
வைத்தீஸ்வரன்கோயிலுக்கு உப்பும் மிளகும்,
பெயரே அங்கிருந்து வந்ததுதானே.
மெகருன்னிசா மூன்று நோன்பு.
டீக்கடை அந்தோணிசாமி பீடியை நிறுத்தினார்,
எந்தச் சாமிக்காக என்று அவருக்கே தெரியாது.
படுக்கையிலிருந்து மாஸ்டர் சொல்லி அனுப்பினார்:
"எவனும் எனக்காக மொட்டை போடாதே.
தலையில அடி பட்டா யார் பதில் சொல்றது?"
இரண்டு பேர் ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.
துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

எனக்கு வேண்டத் தெரியாது.
எண்ணத் தெரியும்.
குறுவை விற்ற கையோடு ஆளுக்கொரு மூட்டைக் காசு,
மொத்தம் முப்பத்தொரு மூட்டை,
சிட்டை என் சட்டைப்பையில்.
ரத்தம் ஆறு யூனிட், ஓ நெகட்டிவ்.
ஐந்து கிடைத்தது.

ஆறாவதுக்கு வந்தவர்
பட்டுக்கோட்டை கலிவரதன் ஆசான்.
மாவட்டப் போட்டியில் போன ஒரு புள்ளிக்காக
ஒன்பது வருஷம் எங்களோடு பேசாதவர்.
அன்றும் பேசவில்லை.
சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கொண்டார்.
நர்ஸ் நரம்பு தேடியபோது மட்டும்
"அந்தப் புள்ளி அவளுதுதான்" என்றார்,
ஊசியைப் பார்த்து.

படிவத்தில் உறவு என்று ஒரு கட்டம்.
அண்ணன் மஸ்கட்டிலிருந்து விமானம் ஏறியிருந்தார்.
பேனா கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.
மாணவன் என்று எழுதினேன்.
நர்ஸ் என் நரைத்த மீசையைப் பார்த்தாள்,
படிவத்தை ஒருமுறை பார்த்தாள்,
அடிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

மூன்றரை மணி நேரம் என்றார்கள்.
ஐந்தானது.
ஈரம் பார்க்கும் கருவி கையில் இருந்திருந்தால்
அந்த வராண்டாவில் ஒரு கண்ணும் தேறியிருக்காது.

யார் தொடங்கியது என்று தெரியவில்லை.
யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு
முதல் சுவடு வைத்தார். பக்கத்தில் இன்னொருவர்.
கம்பில்லை, சத்தமில்லை,
கைகள் தொடையோடு.
கால் மட்டும் முன்னே, குறுக்கே, பின்னே.
காவலாளி வந்தார்.
ஏதோ கேட்க வாயெடுத்தார்.
தன் கையிலிருந்த தடியைப் பார்த்தார்.
சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்.

கடைசி வரிசையில்
முழங்கை மடிப்பில் பஞ்சோடு
கலிவரதன் ஆசானும் வைத்துக்கொண்டிருந்தார்.
அவர் ஊர்க் கால்மானம் வேறு,
எங்கள் முன்னே அவருக்குக் குறுக்கே.
இரண்டு முறை மோதிக்கொண்டோம்.
யாரும் யாரையும் திருத்தவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்
தையலை யாரோ
தைத்துக்கொண்டிருந்தார்கள்.