பாக்கி

பயணச்சீட்டுக் கவுன்ட்டரில் இருந்த பையன்
அப்பாவின் பழைய வேலை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று ஓர் ஊரே இல்லை என்றான்.
வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ கனைத்துவிட்டுச் சொன்னார்:
கெம்னிட்ஸ். நான்காவது நடைமேடை.

மபூட்டோவில் தண்ணீர்க் கட்டண வசூல் பிரிவில் இருக்கிறேன்.
நிலுவை என்ற சொல்லை
ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள்.
அப்பாவோ
புதன்கிழமை தவறாமல் ஊர்வலம் போகிறவர்.
செத்துப்போன ஒரு நாட்டின் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு
நூற்பாலையில் பிடித்துவைத்த சம்பளம் எங்கே என்று
முப்பது வருடமாகக் கேட்கிறவர்.
அமைச்சகத்துக் காவலாளிகளின் பிள்ளைகளே
இப்போது அங்கே காவலாளிகள்.

நூற்பாலை மரச்சாமான் கிடங்காகியிருந்தது.
விடுதி இருந்த இடத்தில் புல்.
ஒருவர் எந்திரத்தால் அதை வெட்டிக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் எந்திரத்தை நிறுத்தி
நான் தெருமுனை திரும்பும்வரை நின்றார்.
மரியாதையா, வேறெதுவுமா,
எனக்குப் பிடிபடவில்லை.

மிஞ்சியிருந்தது ஒரு மதுக்கடை,
அதன் பின்கட்டில் மரப்பந்து உருட்டும் தடம்.
ரோஸ்விதா மேனெர்ட், வயது எழுபத்தொன்பது,
இடது முழங்கால் மட்டும் புதிது.
ஞான்தும்போ என்ற பெயர் அவள் வாயில் நிற்கவில்லை.
அமான்ஸியு என்றேன்.
"அட, இடக்கைக்காரன்!"

முப்பத்திரண்டு வருடம் அவருடைய மகளாக இருக்கிறேன்.
அவர் இடக்கையால் ஒரு கல்லைக்கூட எறிந்து பார்த்ததில்லை.

பழைய கணக்கு நோட்டுகளை அவள் எறியவில்லை.
"எந்த அரசாங்கம் எப்போது வந்து கேட்கும் என்று
யாருக்குத் தெரியும்?"
தூசி தட்டி, எச்சில் தொட்டு, பக்கம் புரட்டினாள்.
வெள்ளிக்கிழமைதோறும் அவர் பெயரில்
இரண்டு பியர், ஓர் எலுமிச்சைச் சோடா.
இரண்டு பியர், ஓர் எலுமிச்சைச் சோடா.
அப்பாவுக்கு இனிப்புப் பானம் ஆகாது.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவளும் கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள்,
அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தும்.

அன்று புதன். போன் போட்டேன்.
பின்னணியில் மேளம், விசில்.
"அப்பா, உங்க கணக்கு கிடைச்சிருச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

"கிடைச்சிருச்சாம்!" என்று அவர் கத்துகிறார்,
என்னிடம் அல்ல, கூட்டத்திடம்.
"பெலிசார்தா அங்கேயே போய்க் கண்டுபிடிச்சிட்டா!"
மேளம் நின்றுபோனது.
அறுபது கிழவர்கள் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தால்
எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியும் கேட்கிறது.

"இல்லப்பா. மதுக்கடைக் கணக்கு.
நீங்கதான் அவங்களுக்குத் தரணும்."

"எவ்வளவு?"

"பதினோரு மார்க் நாற்பது."

சிரித்தாரா இருமினாரா தெரியாது.
அதற்குள் மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.
"கட்டிடு" என்றார். "கடன் வைக்கக் கூடாது."

பழைய மார்க் இரண்டுக்குப் புது மார்க் ஒன்று,
புது மார்க் இரண்டுக்கு யூரோ ஒன்று.
ரோஸ்விதா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.
இரண்டு யூரோ எண்பத்தைந்து.
வட்டி வேண்டாமாம்.
தொழில் புத்தி, ரசீது கேட்டு வாங்கினேன்.

பிறகு அவள் பேனாவை எடுத்து
ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தாள்.
கடைசி வரியில் பேனா நின்றது.
தொண்ணூறாம் வருடம், ஜூன் பதினைந்து, வெள்ளி.
ஓர் எலுமிச்சைச் சோடா.
பியர் இல்லை.

அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பிய முத்திரை
ஜூன் பன்னிரண்டு.
அந்தக் கடவுச்சீட்டு என் கைப்பையில்தான் இருந்தது.

ரோஸ்விதா என் முகத்தைப் பார்த்தாள்.

காசை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அந்த வரியை மட்டும்
அடிக்க வேண்டாம்.