இருபத்தைந்தரை மணி

நிகழ்ச்சிப் பட்டியலில் அப்படித்தான் போட்டிருப்பார்கள்:
செவ்வாய், இருபத்தைந்தரை மணி.
புதன் பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆன பின்னும்
செவ்வாயை விட மனமில்லாதவர்களின் கணக்கு.

எங்கள் ஃபுக்குயில் தனியார் சேனல் இரண்டே இரண்டு.
அந்நேரத்துக்கு இரண்டிலும் வண்ணப் பட்டைகள்தான்.
பதினாறு வயதில் நான் பார்த்ததெல்லாம்
சைதாமாவிலிருந்து ஒகினுமா காயோகோ
தபாலில் அனுப்பிய டேப்.
அவளை நேரில் பார்த்ததில்லை.
பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில்
முழு முகவரியையும் அச்சிட்டு
நட்பு தேடிய காலம்.

முதல் டேப்பில் விளம்பரங்களை வெட்டியிருந்தாள்.
வெட்டாதே என்று எழுதினேன்.
பிறகு எல்லாமே வந்தது:
எங்கள் ஊர்க் கடைக்கு வராத புட்டிங்,
நான் ஏறப்போகாத ரயிலின் கோடைச் சலுகை,
நாளை அங்கே பெய்யப்போகும் மழை,
இங்கே வந்து சேர்வதற்குள் பெய்து ஓய்ந்த மழை.

பதினெட்டாம் பாகம்.
கலங்கரை விளக்கத்தை முதுகில் சுமந்து நடக்கும் இயந்திரம்
முதன்முறையாக மண்டியிடுகிறது.
பதினொரு விநாடி யாரும் பேசுவதில்லை.
அந்த வானத்தில் ஓடியது வெள்ளை எழுத்து:
*நிலநடுக்கம். சைதாமா தெற்கு. அளவு மூன்று.
சுனாமி அபாயம் இல்லை.*
டேப்பின் உறையில் பென்சிலில் காயோகோ:
அலமாரி ஆடியது. நான் ரிமோட்டை விடவில்லை.

கடைசிப் பாகத்தில்தான் முறிந்தது.
உள்ளே இருந்த பையன் திரும்பி வருகிறான் என்றாள்.
செத்துப்போனான் என்றேன்.
ஒன்பது பக்கம் எழுதினேன், அடிக்கோடிட்டு.
நீயெல்லாம் ரசிகையே இல்லை என்பதுதான்
ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரி.
வரைந்தவர்கள் அடுத்த சம்பளத்துக்குப் போயிருப்பார்கள்.
நாங்கள் இருவர் மட்டும்
ஆளுக்கொரு ஊரில் பிணத்துக்குக் காவல்.

இப்போது சாபாயேயில் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கு
மெருகு போடுகிறேன்.
போக வர டிராமில் நாற்பது நிமிடம்.
ஒன்றரை வேகத்தில் ஓட்டினால்
இரண்டரைப் பாகம் முடியும்.
தொடக்கப் பாட்டைத் தாண்ட ஒரு பொத்தான்,
போன வாரக் கதையைத் தாண்ட இன்னொன்று.
மூன்றாம் பாகத்துக்குள் பிடிக்காவிட்டால் விட்டுவிடுவேன்.
பிடித்ததையும் சிலசமயம் விட்டுவிடுகிறேன்,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
பிறகு பார்க்க என்று அறுபத்து மூன்று சேர்ந்திருக்கிறது.
பிறகு என்பது எந்தக் கிழமையோ.

பக்கத்து மேசையில் யுக்குஹாஷி, இருபத்து நான்கு வயது.
ஒரே முகம் போட்ட பதினொரு பேட்ஜைப்
பையில் வரிசையாய்க் குத்தியிருக்கிறான்.
முதல்நாள் உள்ளுக்குள் சிரித்தேன்.
டேப்பின் முதுகில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
எண் எழுதியவள் சிரித்தேன்.
நீங்களும் பார்ப்பீர்களா என்று கேட்டான்.
எப்போதாவது, என்றேன்.
முப்பது வருடத்தை ஒரு சொல்லில் மறுப்பது
இத்தனை சுலபமா?

போன மாதம் அந்தப் பழைய தொடரைத் துடைத்துப் பளபளவென்று
மறுபடி ஏற்றியிருந்தார்கள்.
டிராமில்தான் பார்த்தேன்.
ஒன்றரை வேகத்தில் அந்த மௌனம் ஏழு விநாடிச் சொச்சம்.
பின்னுக்கு இழுத்து, வேகத்தை ஒன்றாக்கி
இன்னொருமுறை மண்டியிட வைத்தேன்.
கண் தானாகத் திரையின் உச்சிக்குப் போனது.
சுத்தமான வானம்.
எதுவும் ஆடவில்லை.
இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் வாய்விட்டுக் கேட்டேன்:
அந்தப் பையன் செத்தானா, வந்தானா?
யுக்குஹாஷியின் கையில் சோற்றுருண்டை அப்படியே நின்றது.
அதுவா, அடுத்த வருடம் இரண்டாம் பருவம் வருதே,
அவன் குரலோடு அறிவிப்பே வந்தாச்சு.

ஆக, நீதான் சரி, காயோகோ.
என் பிணம் எழுந்து உட்கார்ந்து
விளம்பரத்துக்குச் சிரிக்கிறது.
எனக்கோ கோபம் வரவில்லை, அதுதான் கோபமாக இருக்கிறது.

என்றைக்குப் போடுவார்கள்? செவ்வாயா? எத்தனை மணிக்கு?

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை.
எத்தனை மணிக்கா? என்றான்.
எப்போ வேணும்னாலும் பார்க்கலாமே.