சிவப்பு என்று தெரியும்

செப்டம்பர் கடைசி ஞாயிறு.
ஆய்லி ஒரு வாளியை நிரப்பிவிட்டு
இரண்டாவதைக் கையில் எடுத்துவிட்டாள்.
என் வாளியில் இன்னும் அடி மறையவில்லை.
காடு முழுக்க லிங்கொன் பழம்
கொட்டிக் கிடக்கிறது என்கிறாள்.
எனக்குத் தெரிவது இலை.
இலைக்கு நடுவில், இலையின் நிறத்திலேயே
சின்னச் சின்ன உருண்டைகள்.
தடவிப் பார்த்து, உருண்டால் பழம் என்று பறித்தேன்.

விரலும் ஒத்துழைக்கவில்லை.
மோதிர விரல் நுனி முதலில் வெளுக்கும்,
பிறகு நடுவிரல்,
ஏற்றாத மெழுகுதிரி மாதிரி.
கையுறைக்குள் ஊதிக்கொண்டே இருந்தால்
பத்து நிமிடம் கழித்து
ரத்தம் முள்முள்ளாய்த் திரும்பி வரும்,
கடனைத் தாமதமாய்த் தருகிறவன்
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவதுபோல.

கிருனாவிலிருந்து நார்விக் துறைமுகத்துக்கு
இரும்புத்தாது இழுப்பது என் வேலை.
அறுபத்தெட்டுப் பெட்டிகள்.
பிரேக் பிடித்த இடத்தில் நிற்காது,
அது மனம் வைக்கிற இடத்தில்தான் நிற்கும்.
வழியெல்லாம் என்னோடு பேசுவது
இரண்டே வார்த்தைகள்:
சிவப்பு. பச்சை.

மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே
இருபத்திரண்டு வருடமாய்
ஒரு சிறு பொட்டலம் குடியிருக்கிறது.
ஸ்னூஸ். புகை கிடையாது, சாம்பல் கிடையாது,
எஞ்சின் அறையில் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை.
சிகரெட்டை விட்ட வருடம்
என்னைக் கைதூக்கி விட்டதே அதுதான்.
நன்றி மறக்கக் கூடாதல்லவா?
நாளுக்கு ஒரு டப்பா.
பனிப்புயலில் வண்டி நின்றுபோனால் ஒன்றரை.

யெல்லிவாரெ ஆஸ்பத்திரியில் டாக்டர் பர்வானே
புள்ளிகளுக்குள் எண் தேடும் புத்தகத்தைப் பிரித்தாள்.
பக்கம் பக்கமாய்ப் புள்ளிகள். வெறும் புள்ளிகள்.
ஒன்பதாவது பக்கத்தில் பொறுக்க முடியாமல்
"ஏழு" என்றேன்.
"இந்தப் பக்கத்தில் எண்ணே இல்லை, குன்வோர்"
என்றாள், மெல்ல.

பிறகு என் கண்ணின் உள்ளறையைத்
திரையில் காட்டினாள்.
ஒரே ஸ்டேஷனிலிருந்து பிரிந்து ஓடும்
தண்டவாளங்கள் மாதிரி ரத்தக் குழாய்கள்.
"நிகோடின் வந்தால் குழாய்கள் இறுக்கிக்கொள்ளும்.
உங்கள் விரலில் நடப்பது
இங்கேயும் நடந்திருக்கலாம்."

அந்த "லாம்"மைப் பிடித்துக்கொண்டேன்,
உறைபனிப் படிக்கட்டில் கைப்பிடியைப்போல.
அவளுக்குப் புரிந்துவிட்டது.
"பரம்பரையாக இருக்கலாம்.
ஏதோ ஒரு வைட்டமின் குறைந்திருக்கலாம்.
புகையிலையாக இருக்கலாம்.
எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம்.
இதில் ஒன்றைத்தான்
நாளைக் காலையிலேயே உங்களால்
வாயிலிருந்து எடுத்துப் போட முடியும்."

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போன் செய்தேன்.
நாளை பதினொன்று நாற்பது வண்டிக்கு
வேறு ஆள் போடுங்கள்.
ஏன் என்றான் யோர்மா.
சிவப்பைக் காணோம் என்றேன்.
சிரித்தான்.
பிறகு வெகுநேரம்
போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

இப்போது பட்டறையில் சக்கரம் பார்க்கிறேன்,
சுத்தியலால் தட்டி, காதால்.
நாக்கு இன்னும் அந்தக் காலி ஈறுவரை
போய்விட்டுப் போய்விட்டு வருகிறது,
பூட்டிய கடை வாசலில் நிற்பவன் மாதிரி.
முதல் மாதம் யாரிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்
என்று ஆய்லியைக் கேட்க வேண்டும்.
விரல்கள் தேவலை. போன பிப்ரவரியில்
இரண்டே தடவைதான் வெளுத்தன.
கண்ணுக்கு மட்டும்
டாக்டர் தேதி எதுவும் குறிக்கவில்லை.

நேற்று ஆய்லி வந்தாள், ஒரு கிண்ணம் நிறைய
புதுப் பழத்தோடு.
நேராகப் பார்த்தேன். பழுப்பு.
பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.
கிண்ணத்தின் ஓரத்தில், ஒரே ஒரு பழம்,
சாம்பலுக்கு அடியில் கண்விழிக்கும் தணல்போல...
இல்லை, அது சிவப்பு என்று
எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதாலா?

"எப்படி இருக்கிறது?" என்றாள்.
வாயில் போட்டுக்கொண்டு,
புளிக்கிறது என்றேன்.